‘ல’ வரை எழுதிய பாங் நாராவுக்கு

அன்புள்ள பாங் நாரா,

இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் படித்திருக்க முடியாது. உங்களுக்கு ‘ல’ வரைக்கும்தான் எழுத்து வந்தது. அதனால் தமிழில் எழுதி முடித்ததும் ஒரு தடவை மலாயில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் வாசகசாலை மலருக்கு அனுப்புவேன். மறைந்த ஒருவருக்குக் கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். தலைவர் யாருக்காவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இந்த ஊரில் எனக்கு மறைந்தவர் என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

மலர் படிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாராயணன், ஆற்று முகத்துப் பக்கம் இருக்கும் ஐஸ் ஆலையில் மூத்த பிட்டர். காஜா பேராங் பகுதிச் செட்டிக் குடும்பம். போர்த்துகீசியர் வருவதற்கு முன்னாலேயே மலாக்காவில் தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம். பேர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். நான் உங்களை ‘பாங்’ என்பேன், அண்ணன் என்று அர்த்தம். நீங்கள் என்னை ‘டிக்’ என்பீர்கள், தம்பி. நாம் பேசியது பூராவும் மலாய். இங்கே தமிழில் எழுதுகிறேன். போதும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் வந்து இறங்கியபோது என் டிரங்குப் பெட்டியில் துணியைவிடப் புத்தகம்தான் கனம். பாலிடெக்னிக் முடித்த கையோடு மூன்று வருஷ ஒப்பந்தம். ஆலையில் மணிக்கு ஒரு தடவை பிரஷர் கேஜ்களைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். அதற்கு எங்கள் தொழிலில் ‘ரீடிங் எடுப்பது’ என்று பேர். ஒரு ரீடிங்குக்கும் அடுத்த ரீடிங்குக்கும் நடுவே நான் கதை படிப்பேன். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் காகிதக் கடை வைத்திருக்கும் கீழக்கரை காக்காவிடம் சென்னைப் பத்திரிகைகள் கப்பலில் வரும். வந்த அன்றைக்கே சைக்கிளை மிதித்துப் போய்விடுவேன்.

அந்தக் காக்காவை வைத்து நீங்கள் அடித்த கிண்டல் ஞாபகம் இருக்கிறதா? மலாயில் ‘காக்காக்’ என்றால் அக்கா. “இவ்வளவு நீளம் தாடி வச்ச மனுஷனைப் போய் அக்காங்கறியே, அவர் கோவிச்சுக்க மாட்டாரா?” என்று கேட்டீர்கள். நான் சிரிக்காமல் விளக்கம் சொன்னேன், அவர்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன் என்று. விளக்கத்துக்குத்தான் நீங்கள் அதிகம் சிரித்தீர்கள்.

நான் படிக்கிற விதமும் உங்களுக்கு வேடிக்கை. முதலில் கடைசிப் பக்கம். முடிவு சரியாக இருந்தால் முதல் பக்கம். வானம், மலர், நிலா என்று வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுவேன். கையில் பென்சில் இருக்கும். ஒரு கதையில் நாயகன் ஓடுகிற கொதிகலனின் மூடியை ஒற்றைக் கையால் திறந்து காதலியின் கடிதத்தை உள்ளே போட்டு எரிக்கிறான். ‘திறந்தால் ஆள் இருக்க மாட்டான்’ என்று ஓரத்தில் எழுதினேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டீர்கள். சொன்னேன். “கதை எழுதினவர் உன்கிட்ட வேலைக்கா வரப்போறாரு, டிக்?” என்றீர்கள். அந்தப் பழக்கங்கள் எதுவும் இன்னும் போகவில்லை. உங்களுக்காகத் திருந்திவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன வருஷப் போகிக்குத்தான் முதல் தடவை உங்கள் வீட்டுக்கு வந்தேன். பொங்கலுக்கு முதல் நாள் உங்கள் வீடுகளில் முன்னோருக்கு வாழையிலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, சாம்பிராணி காட்டிக் கும்பிடுகிறீர்கள். அதற்கு ‘பர்ச்சு’ என்று பேர் சொன்னீர்கள். மலாய் வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் பிளாச்சான் என்கிற இறால் விழுதுச் சம்பலைத் தொடாமல் தள்ளி வைத்துக்கொண்டே, “இது மலாய் இல்லை பாங், ‘படைச்சு’தான் இப்படி ஆகியிருக்கும்” என்றேன். என் ஊகம்தான். பண்டிதர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும். ஆனால் நீங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டீர்கள்.

“அப்போ இத்தனை வருஷமா நான் தமிழ் பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்” என்றீர்கள். ஒரு வார்த்தைதான் என்று நான் சொன்னேன். ஒரு வார்த்தையும் தமிழ்தானே என்றீர்கள்.

அன்றைக்குத்தான் அந்த நோட்டைக் காட்டினீர்கள். மஞ்சள் துணியில் சுற்றி இலைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. உங்கள் குடும்பத்து முன்னோர் பேர் எல்லாம் அதில் இருக்கிறது, தமிழில் இருப்பதால் நாலு தலைமுறையாக யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்றீர்கள். வருஷத்துக்கு ஒரு நாள் சாம்பிராணிப் புகை காட்டி அப்படியே திரும்ப அலமாரியில் வைப்பது வழக்கமாம். இவ்வளவுதானா என்று நான் கையை நீட்டினேன். ஐந்து நிமிஷ வேலை. நீங்கள் கொடுக்கவில்லை.

வீட்டு ஆள்தான் வாசிக்க வேண்டும் என்றீர்கள். கோயில் குருக்களுக்கே காட்டாதது. பிறகு சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, அடுத்த போகிக்கு நானே இந்தப் பேர்களை வாசிப்பேன் என்று சொன்னீர்கள். உங்கள் சிற்றப்பா வாயில் சுருட்டோடு, “ஸ்பானர் பிடிச்ச கை, பார்ப்போம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் காது மட்டும் சிவந்திருந்தது.

மறுநாளே பாடம் ஆரம்பித்தது. சிலேட்டு இல்லை, பலகை இல்லை. அமோனியா திரும்பி வரும் குழாயின் மேல் எந்நேரமும் வெள்ளையாகப் பனி உறைந்திருக்கும். மத்தியானம் சோற்று நேரத்தில் அதன் மேல் ஆணியால் ‘அ’ கீறிக் காட்டினேன். கீழே நீங்கள் கீறினீர்கள். உங்கள் ‘அ’ வால் முறுக்கிய நண்டு மாதிரி இருந்தது. சொன்னேன். நான் சொல்லாமல் இருந்ததே இல்லை. குழாய் அரை மணியில் திரும்பப் பனி மூடிவிடும், மறுபடி முதலிலிருந்து.

பத்து வார்த்தையில் ஓர் எழுத்தை அடையாளம் கண்டால்தான் அடுத்த எழுத்தை எழுதலாம் என்று சட்டம் போட்டேன். உங்களுக்குப் பொறுக்கவில்லை. காக்கா கடையில் நீங்களாகவே அரிச்சுவடி வாங்கி, எழுத்துகளை வரிசையாகப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டீர்கள். காலையில் கிணற்றடியில் குளிக்கும்போது தெருவுக்கே கேட்கிறது என்று காக் லெட்சுமி சொல்வார். காக் என்பது காக்காக்கின் சுருக்கம். உங்கள் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். வாய் ‘ன’ வரைக்கும் போய்விட்டது, கை ‘ண’விலேயே நின்றது.

அதில்தான் சண்டை வந்தது. உங்கள் பேரை எழுதிக் காட்டச் சொன்னீர்கள். கீறினேன். “என் பேருக்கு எதுக்கு மூணு ‘ன’?” என்று கேட்டீர்கள். மூன்றும் வேறு என்றேன். மூன்றையும் சொல்லிக் காட்டச் சொன்னீர்கள். சொன்னேன். எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கிறது என்றீர்கள். காது சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இயந்திரம் ஓடும் சத்தத்திலேயே எந்த வால்வு கசிகிறது என்று சொல்கிற மனுஷரிடம் போய், காது சரியில்லை என்று. நாலு நாள் நீங்கள் பாடத்துக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து குழாயில் மூன்றையும் தனித்தனியாகக் கீறினீர்கள். மூன்றும் சரி. நான் “ம்” என்றேன். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

ஆறு மாதத்தில் ‘ல’ வந்தது.

அந்த நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் கடிதம் பொய்யாகிவிடும். இரண்டாம் நம்பர் கம்ப்ரெசருக்கு ஆலையில் எல்லாரும் ‘நாரா’ என்று பேர் வைத்திருந்தார்கள், அது உங்கள் கைக்கு மட்டும் மசிவதால். அன்று காலை ஏழரை மணி. நீங்கள் இன்னும் வேலைக்கு வரவில்லை. நான் மேல்தளத்தில் தண்ணீர்க் குழாய் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் சீனக் கிளார்க் கீழே வந்து நின்று, “நாரா சூடா மாத்தி” என்று கத்தினார். மலாயில் ‘சூடா’ என்றால் ஆகிவிட்டது; ‘மாத்தி’ என்றால் இயந்திரம் நின்றுபோனதற்கும் சொல்வார்கள், செத்துப்போனதற்கும் சொல்வார்கள். மனுஷர் இறந்தால் மரியாதைக்கு வேறு வார்த்தை உண்டு. அவருக்குத் தெரிந்தது சந்தை மலாய்.

நான் மேலிருந்து, “வால்வை மூடிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் திரும்ப ஓட்டுங்க, போன வாரமும் இப்படித்தான் நின்னுச்சு” என்று பதிலுக்குக் கத்தினேன்.

அவர் நகரவில்லை. அண்ணாந்து பார்த்து, மெல்ல, “மெஷின் இல்லை. ஆள் நாரா” என்றார்.

இரண்டாம் நம்பர் என் காலடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பாங். அதன் அதிர்வு செருப்பில் தெரிந்தது. அதைக் கூடக் கவனிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். கிணற்றடியில் குளிக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். எழுத்துப் பாட்டு பாதியில் நின்றது, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று நினைத்தேன் என்று காக் சொன்னார்.

அதற்குப் பிறகு இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். அந்த வாரம் ஐஸ் கேட்டு வந்த லாரிகளைச் சமாளிக்க முடியவில்லை. உங்கள் சிற்றப்பா சட்டைப் பையில் சின்னக் கொடி குத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆலையில் போர்டுகளை மலாயில் மாற்றுகிறார்கள். இரண்டாம் நம்பர் என் கைக்கும் மசிகிறது, முணுமுணுத்துக்கொண்டே. என் ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிகிறது. ஊரிலிருந்து அம்மா, பெண் பார்த்து வைத்திருக்கிறேன், கப்பல் ஏறு என்று எழுதினாள். ஏறிவிடுவதாகத்தான் இருந்தேன். வெளிநாட்டுக்காரனுக்கு இனி இங்கே என்ன என்று ஆலைத் தமிழர்கள் பேசிக்கொண்டார்கள்.

போகிக்கு நாலு நாள் முன்னால் காக் லெட்சுமி சாயங்காலம் என் அறைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. மஞ்சள் துணிக் கட்டை நீட்டினார்.

நீங்கள் அன்றைக்கு எழுந்து நின்று சொன்னதை யாரும் மறக்கவில்லையாம். ‘வாசிக்கிறேன் வாசிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிட்டான்’ என்று ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். காக் அதைக் கேட்டுக்கொண்டு தட்டுக் கழுவியிருக்கிறார். உங்களுக்கே முதல் முதலாக இலை போடப்போகிற போகி. அந்த இலைக்கு முன்னால் உங்கள் வார்த்தை பொய்யாகக் கிடக்கக் கூடாது என்றார்.

“வெளியாள் வாசிக்கலாமான்னு சின்ன மாமனார் கேட்டார்,” என்றார். “என் வீட்டுக்காரர் வாய் நிறைய ‘டிக்’குன்னு கூப்பிட்ட ஆள் எப்படி வெளியாளுன்னு கேட்டேன்.  நீ வாசி.”

மறுநாள் ஆலையில் சோற்று நேரத்தில் கட்டை அவிழ்த்தேன். வழக்கப்படி கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். வெற்றுத் தாள். அதற்கு முந்தியதும் வெற்றுத் தாள். அப்படியே முன்னால் வந்துகொண்டே இருந்தேன். திடீரென்று பென்சில் எழுத்து. ஒரு வரி முழுக்க ‘ல’. அதற்கு மேல் வரியில் ‘ர’. அதற்கு மேல் ‘ய’. ஆலை லாக் ஷீட்டுக்குக் கொடுக்கிற நீலப் பென்சில். உங்கள் கை. நண்டு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் முன்னால் திருப்பினேன். ‘த’வில் ஆரம்பித்திருந்தீர்கள். அதற்கு முந்திய பக்கத்தில் பழுப்பு நிறமாகிப்போன பழைய மை. ஒரு வரி முழுக்க ‘ண’. முதல் ‘ண’ மட்டும் தேர்ந்த கையில், அழகாக. பின்னால் வருவதெல்லாம் தடுமாறி, கோணி, சில அடித்து. அதற்கு முன் ‘ட’. ‘ஞ’. இப்படியே முதல் பக்கத்து ‘அ’ வரைக்கும்.

பேர் ஒன்றுகூட இல்லை, பாங். அது எழுதிப் பழகிய நோட்டு. உங்கள் வீட்டில் யாரோ, எப்போதோ, தமிழ் எழுத்துக் கற்கப் பார்த்திருக்கிறார்கள். ‘ண’வில் விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள்? ஆணா, பெண்ணா? ஒன்றும் தெரியாது. அடுத்து வந்தவர்களுக்கு எழுத்து என்பது மட்டும் தெரிந்தது, என்ன எழுத்து என்று தெரியவில்லை. பத்திரமாகச் சுற்றி வைத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

உங்களுக்குத் தெரிந்திருந்தது. ‘ண’ வரை கற்றதுமே திறந்து பார்த்திருக்கிறீர்கள், சண்டை போட்டுப் பாடத்துக்கு வராத அந்த நாலு நாள்தான் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு என்னிடமும் சொல்லவில்லை, காக்கிடமும் சொல்லவில்லை. அவர்கள் விட்ட இடத்திலிருந்து பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். போகி அன்றைக்கு என்ன செய்வதாக இருந்தீர்கள்? எழுந்து நின்று எதை வாசித்திருப்பீர்கள்? பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், உங்கள் பக்கத்திலிருந்து பதில் வரமாட்டேன் என்கிறது.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். லாக் ஷீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பேர் எழுத ஆரம்பித்தேன். வேலாயுதம், வள்ளியம்மை, குமாரசாமி. ஏழு பேர். எங்கள் ஊர் வாக்காளர் பட்டியல் மாதிரி இருந்தது. இதை வாசித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? சிற்றப்பா அழுதிருப்பார். காக் தலை நிமிர்ந்திருப்பார். நான் நல்ல பேரோடு கப்பல் ஏறியிருப்பேன்.

எட்டாவது பேர் வரவில்லை. ரீடிங் எடுக்கிற மணி ஆகிவிட்டது. எழுந்து போய் கேஜைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் ஒரு கேஜைப் பார்க்காமலே எண் எழுதி வைப்பதைவிட மோசமான வேலை கிடையாது. அடுத்து வருகிறவன் அந்த எண்ணை நம்பி வால்வைத் திறப்பான். அதற்காக ஒருவனை நீங்கள் ஆலையை விட்டே துரத்தினீர்கள். அவன் காலில் விழுந்தும் கேட்கவில்லை. பார்க்காத ரீடிங்கை உங்கள் இலைக்கு முன்னால் நான் வாசிப்பதா? ஏழு பேரையும் கிழித்தெறிய முடியவில்லை, முன்பக்கத்தில் அன்றைய ரீடிங் இருந்தது. அப்படியே ஆபீசில் கொடுத்துவிட்டேன். யார் இந்த வேலாயுதம் என்று கிளார்க் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலமே காக்கிடம் போனேன். பலகாரத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தெரியாது எனக்கு. இதில் பேர் இல்லை, யாரோ எழுதிப் பழகிய நோட்டு என்று நின்றபடியே சொன்னேன். துருவல் நிற்கவில்லை. பாங்குக்கும் தெரியும் என்றேன். அப்போது நின்றது.

நீலப் பென்சில் பக்கத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தொடாமல் பார்த்தார். 

“ராத்திரி வேலைன்னு என்கிட்ட சொன்னது இதுதானா?” என்றார். பிறகு, “இருக்கிறதை வாசி, டிக். இல்லாததை வாசிச்சா அவருக்குத்தான் தெரிஞ்சுடுமே.”

போகி அன்று மத்தியானம் உங்கள் வீட்டுக் கூடத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். உங்கள் இலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, புளி போட்ட மீன், கோழி, ஒரு குவளை கோப்பி. எனக்கு ஒரு முக்காலி போட்டார்கள், நான் நின்றுகொண்டேன். துணியை அவிழ்த்து, இந்த ஒரு தடவை மட்டும் முதல் பக்கத்தைத் திறந்தேன். எல்லாரும் கைகூப்பினார்கள்.

“அ. அ. அ. அ. அ.”

“ஆ. ஆ. ஆ.”

சிற்றப்பா கண்ணைத் திறந்தார். “யாரு பேரு இது?”

“பேர் இல்லை. எழுத்து,” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். இது படிக்கிறவர் நோட்டு, உங்கள் வீட்டில் ஒருவர் ‘ண’ வரைக்கும் வந்து விட்டுவிட்டார், ‘த’வில் தொடங்கி ‘ல’ வரைக்கும் எழுதியது பாங் நாரா என்று. பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தவரை யாரோ இடித்தார்கள்.

சிற்றப்பாவின் முகம் கறுத்துவிட்டது. “அறுபது வருஷமா நான் விழுந்து கும்பிட்டது பாடப் புத்தகத்தையா?”

“ஆமாம்,” என்றேன். வேறு என்ன சொல்வது?

 கோப்பியில் ஆவி போய்க்கொண்டிருந்தது. என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் போயிருப்பேன். அப்போது இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காக் லெட்சுமி, யாரையும் பார்க்காமல், கணீரென்று, “வ” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதம் கிணற்றடியிலிருந்து காலை தவறாமல் கேட்ட வரிசை. ‘ல’வுக்கு அடுத்தது.

“அதுக்கடுத்து?” என்றார் சிற்றப்பா. அதட்டலாகத்தான் கேட்டார்.

“ல,” என்றார் காக்.

“ல இல்லை, ழ,” என்றேன். இலைக்கு முன்னால், இருபது பேர் பார்க்க. என்ன செய்வது, என் பிறவி அப்படி. “நாக்கை இன்னும் உள்ளே மடக்கணும்.” காக் மடக்கினார். வரவில்லை. மறுபடி. மூன்றாவது தடவை பாதி வந்தது. கூடத்தில் இரண்டு மூன்று பேர் வாய்க்குள்ளேயே மடக்கிப் பார்த்ததை நான் பார்த்தேன். சிற்றப்பாவின் கன்னமும் அசைந்தது. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சாப்பாடு முடிந்து நான் சைக்கிளை எடுத்தபோது அவர் வாசலுக்கு வந்தார். அந்த நோட்டில் இன்னும் வெற்றுத் தாள் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்றேன். தன் அப்பா பேர், அவருடைய அப்பா பேர், அதற்கு மேலே இரண்டு பேர் தனக்கு வாய்ப்பாடமாகத் தெரியும் என்றார். தான் போய்விட்டால் அதுவும் போய்விடும் என்றார். “எழுதிடலாமா?” என்று கேட்டார். அந்தக் குரலை அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டு ஆள்தான் எழுத வேண்டும். சுருட்டை வாயிலிருந்து எடுத்து என்னை முறைத்தார். முறைத்துவிட்டு, “அப்போ அவளுக்குச் சொல்லிக்குடு” என்றார்.

ஊருக்கு எழுதிவிட்டேன், பாங். பெண் வீட்டாருக்கு அவசரம் என்றால் வேறு இடம் பார்க்கட்டும், நான் இந்த வருஷம் வரவில்லை என்று. அம்மா கோபமாகப் பதில் போடுவாள், போடட்டும். ஆலையில் இன்னொரு ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்குப் பாடம், உங்கள் வீட்டுக் கூடத்தில். காக் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார், வாய் தெரிந்தாலும் கை தெரிய வேண்டுமே. ‘உ’வில் நிற்கிறார். உங்களைவிட வேகம், உங்களைவிடப் பிடிவாதம். ஒரு வரி சுத்தமாக வந்தால் “நல்லா இருக்கு” என்று சொல்கிறேன். சொல்ல வருகிறது, அப்படியொன்றும் கஷ்டம் இல்லை.

வாக்குக் கொடுக்கிறேன். வருகிற போகிக்கு அந்த நோட்டில் பேர்கள் இருக்கும். காக் தன் கையால் எழுதியிருப்பார், தன் வாயால் வாசிப்பார். கடைசிப் பேர் உங்களுடையது. தப்பாக வாசித்தால், உங்கள் இலை என்று பார்க்க மாட்டேன், அங்கேயே நிறுத்தித் திருத்துவேன்.

காஜா பேராங்கிலிருந்து,
வெளியாள் இல்லை என்று காக் சொல்லிவிட்ட
உங்கள் டிக்,
சண்முகவேல்